ரெட்டேரி கட்லா: இதுவரை நடந்தது

சென்னை ரெட்டேரியில் பெரிய கட்லா மீன் இருக்கிறது. மாதவரம் போகும் பஸ்ஸின் ஜன்னல் வழியே அந்தத் தண்ணீரைப் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். ஒரு பக்கம் ஆகாயத்தாமரை, மறுபக்கம் பாசிப் பச்சையாய் நீர், நடுவே ஏரியை இரண்டாகப் பிளந்துகொண்டு போகும் சாலை. 2021 மழைக்குப் பிறகு தூண்டிலோடு அங்கே போகத் தொடங்கியபோது பத்து கிலோ கட்லா ஒன்று வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். இன்னும் கிடைக்கவில்லை. இந்த ஆண்டு மார்ச்சில் ஸ்பிரிங் தராசு 9 கிலோ 200 கிராம் வரை இறங்கியது. மழைக்காலம் வந்து ஏரி மாறுவதற்குள், நடந்ததை எழுதி வைக்கிறேன்.

பத்து கிலோ ஏன் இவ்வளவு அரிது? கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் ஆற்றில் வெள்ளம் புரளும்போது முட்டையிடும் இனங்கள். தேங்கிய ஏரியில் அவை பெருகுவதில்லை. குஞ்சு வாங்கி விட்டால்தான் உண்டு. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் மீன் ஆய்வாளர் ஹீராலால் சௌத்ரி, மீனின் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்தி இந்த வகைக் கெண்டைகளை முட்டையிட வைத்துக் காட்டினார். பண்ணைக் குஞ்சுகள் தாராளமாகக் கிடைப்பதற்கு அதுதான் தொடக்கம். குஞ்சு விடுகிறவர் காரணமில்லாமல் விடுவதில்லை. மீன்பாசி குத்தகை, அதாவது ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை, பசலி என்ற வருவாய்த்துறை ஆண்டுக் கணக்கில் ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிகிறது. தண்ணீர் குறையும் மே மாதத்தில் வலை இறங்கிவிடும். ஒரு கட்லா ஒன்பது கிலோ ஆகிறது என்றால் அது சில கோடைகளின் வலைக்குத் தப்பிய மீன். அதனிடம் போய் என் மைதா உருண்டையை நீட்டினால் எப்படி?

முதல் இரண்டு ஆண்டுகள் ஊரார் போடுவதுபோலவே ஈயம் கட்டி, இரையை அடியில் வைத்தேன். மண்புழுவுக்கு மிருகால் வந்தது, ஜிலேபிக் கெண்டை ஓயாமல் வந்தது. இவற்றைவிடப் பெரிய தொல்லை டேங்க் கிளீனர், தொட்டியில் பாசியைத் தின்ன வளர்க்கும் மீன். வண்ணமீன் வளர்ப்புக்குப் பேர்போன கொளத்தூர் பக்கத்திலேயே இருக்கிறது. தொட்டிக்குள் அடங்காமல் வளர்ந்ததை ஏரியில் கொட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அடியில் கிடக்கும் மாவை அது உறிஞ்சித் தீர்த்துவிடும். தப்பித்தவறி தூண்டில் முள்ளில் மாட்டினால் அதன் முள் துடுப்பிலிருந்து தூண்டில் நரம்பைப் பிரித்தெடுப்பதற்குள் பொழுது போய்விடும்.

கட்லாவின் வாயைப் பார்த்தாலே வேலை பாதி முடிந்துவிடுகிறது. கீழ்த்தாடை மேல்நோக்கி வளைந்த அகலமான வாய். மேல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் செவுளால் வடிகட்டித் தின்னும் மீன் அது. அதனால் 2023 கோடையில் தக்கைக்கு மாறினேன். தக்கைக்குக் கீழே இரண்டரை அடியில் ஒரு ஸ்பிரிங். அதைச் சுற்றி வறுத்து இடித்த கடலைப் புண்ணாக்கும் தவிடும் பிசைந்த உருண்டை. உருண்டைக்குள் செருகிய சிறிய முட்கள். பிசைவதில்தான் சூட்சுமம். இறுகிப்போனால் கல்லாகத் தொங்கும்; இளகினால் வீசும்போதே உதிர்ந்துவிடும். தண்ணீரில் பத்து நிமிடம் நின்று, பிறகு புகைபோல மெல்லக் கரைய வேண்டும். கட்லா அந்த மேகத்தை உறிஞ்ச வருகிறது, முள்ளும் உள்ளே போகிறது. அது கீழிருந்து இரையைத் தூக்கும்போது தக்கை அமிழாது, சாய்ந்து படுத்துக்கொள்ளும். அப்போதே இழுக்க வேண்டும்.

இடம் பிடிபட இன்னும் நாளானது. நிழலும் உட்கார வசதியும் கிழக்குக் கரையில் இருக்கின்றன. காற்று முதுகில் அடிப்பதால் வீசுவதும் எளிது. எல்லாரும் அங்கேதான். ஆனால் சென்னையில் கோடைப் பகலில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து ஏறுகிறது. மேல்நீரையும் அதில் மிதக்கும் பாசியையும் மேற்குக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. கட்லாவின் சாப்பாடு அங்கே போனால் கட்லாவும் அங்கேதானே போகும்? அந்தக் கரையில் நுரையும், பிளாஸ்டிக் பைகளும், ஒற்றைச் செருப்புகளும் ஒதுங்கிக் கிடக்கும், நாற்றமும் உண்டு. உட்கார ஆளில்லாத அந்த இடத்தில்தான் எனக்கு ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட மீன்கள் எல்லாமே கிடைத்தன.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடியற்காலையில் மீன் எடுக்கும் என்பது கரையில் பழகிய எல்லாரும் சொல்வது. விராலுக்கு அது சரியாக இருக்கலாம். இவ்வளவு பச்சையான ஏரியில், கோடையில், கட்லாவுக்கு அது பொருந்தவில்லை. பாசி பகலில் ஆக்ஸிஜனைத் தருகிறது, இரவில் அதே பாசி ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்கிறது. விடியும்போது நீரில் அது மிகக் குறைவு. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து, மேய்கின்றன என்று பலர் உற்சாகமாகிறார்கள். மூச்சுக்குத் திணறுகிற மீன் இரையை எங்கே பார்க்கும்? வெயில் ஏறி, காற்றும் எழுந்த பிறகு, பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்துக்குள் போட்டுப் பாருங்கள். மேகம் மூடிய, காற்றில்லாத நாளென்றால் வீட்டிலேயே இருந்துவிடலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து எல்லாவற்றையும் கலைத்தது. கொளத்தூர் பக்கம் தெருக்களில் தண்ணீர் நின்ற நாட்களில் ஏரிப்பக்கம் யாரும் போகவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு பெரிய மீன் காணவில்லை. 2024 கோடை முழுவதும் ஒரு கிலோ, ஒன்றரை கிலோ என்று சின்னவையே வந்தன. உபரிநீரோடு போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். மார்ச் மாத மீன், சில மீன்களாவது போகாமல் தங்கிவிட்டன என்று காட்டிவிட்டது.

அதைக் கரையேற்ற அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. நரம்பு 0.35 மில்லிமீட்டர், இழுத்துப் பிடித்தால் அறுந்துவிடும், விட்டுக் கொடுத்தால் ஆகாயத்தாமரைக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். நனைத்த சாக்கின் மேல் கிடத்தி, எடை பார்த்து, உடனே விட்டுவிட்டேன். முட்களின் உட்புறத்துச் சிறு பல்லை முன்பே இடுக்கியால் நசுக்கி வைப்பதால் கழற்றுவது எளிது. கழிவுநீர் கலக்கும் ஏரி மீனை நான் சாப்பிடுவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் மூங்கில் கழியோடு ஜிலேபி பிடித்துக்கொண்டிருந்த பெரியவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பார்த்துக்கொண்டே இருந்தார். “தம்பி, விடப்போகிற மீனுக்கு எதற்கு இவ்வளவு புண்ணாக்கு?” என்றார். என்னிடம் நல்ல பதில் இல்லை. குத்தகைக்காரரின் ஆளுக்கு மட்டும் இதில் பரம திருப்தி. நான் விட்டது மே மாதம் தன் வலைக்கு வரும் என்பது அவர் கணக்கு. வந்துமிருக்கலாம்.

அடுத்த கோடைக்கு இரண்டு மாற்றங்கள். நரம்பை 0.40க்கு உயர்த்துகிறேன், காசிமேட்டில் வாங்கி வைத்தாயிற்று. உருண்டையில் தவிட்டைக் குறைத்து, பொரி இடித்த தூள் சேர்த்துப் பார்க்கப்போகிறேன். லேசாக இருப்பதால் மேகம் மேல்நீரிலேயே கொஞ்சம் கூடுதலாக நிற்க வேண்டும். வாளியில் போட்டுப் பார்த்ததில் நிற்கிறது. ஏரியில் காற்றோடு எப்படி என்பது பிப்ரவரிக்கு மேல்தான் தெரியும்.