எம்மாவு நிக்கோப்போலிஸில் ஒரு திருப்பலி

எருசலேமில் இருந்து மேற்கே இறங்கினால், லாத்ருன் துறவு மடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது எம்மாவு நிக்கோப்போலிஸ். எங்கள் பங்குத்தந்தை விடாப்பிடியாகப் பயணத் திட்டத்தில் சேர்த்த இடம்.

உயிர்த்த இயேசு, கிளயோப்பா உட்பட இரு சீடர்களோடு வழிநடந்து, அப்பம் பிட்கையில் தம்மை அவர்களுக்கு வெளிப்படுத்திய ஊர் எம்மாவு; அந்நேரமே அவர்கள் எருசலேமுக்குத் திரும்பினார்கள். அந்த எம்மாவு எது என்பதில் பழைய விவாதம் ஒன்று உண்டு. லூக்கா நற்செய்தியின் பெரும்பாலான கிரேக்கப் படிகளில் எருசலேமிலிருந்து 60 ஸ்தாதியோன், ஏறத்தாழ 11 கிலோமீட்டர். நம் தமிழ் விவிலியத்திலும் அதுதான். ஆனால் சினாய்ப் படி எனப்படும் 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்கக் கையெழுத்துப் படியில் 160 என்று இருக்கிறது. அது சுமார் 30 கிலோமீட்டர், இந்த இடத்துக்குப் பொருந்துகிறது. உரோமையர் காலத்தில் ஊருக்கு நிக்கோப்போலிஸ் என்று பெயர் மாறிய பிறகும், செசரியா ஆயர் யுசேபியுஸ் கிரேக்கத்தில் எழுதிய ஊர்ப்பெயர் நூலில், கிளயோப்பாவின் எம்மாவு இதுவே என்று குறித்தார். அரபு பேசிய மக்கள் இம்வாஸ் என்றே அழைத்தார்கள். 1967 போரில் இஸ்ரேல் ராணுவம் அவர்களை வெளியேற்றி ஊரை இடித்தது. இன்று அங்கே பூங்கா. அந்த மக்களுக்காகவும் மன்றாடினோம்.

இடிந்த பைசாந்தியக் கோயிலின் அரைவட்டச் சுவர் இன்னும் நிற்கிறது. ஒவ்வொரு கல்லும் ஆள் தூக்க முடியாத பருமன். அதை ஒட்டியே சிலுவைப்போர் காலத்தில் சிறிய கோயில் கட்டியிருக்கிறார்கள். கூரை இல்லை. திருப்பலி அங்கேதான். அப்புறம் தரையில் குழித்த திருமுழுக்குத் தொட்டியைப் பார்த்தோம். இந்த இடத்தை 1878இல் அடையாளம் காட்டியவர் கார்மேல் சபைத் துறவி புனித மரியம் பவார்தி. பெத்லகேம் கார்மேல் மடத்துக்கு முன் நம் மங்களூரில் இருந்தவர் அவர்!

அப்பம் பிட்கும் நேரத்தில் என்னால் கண்ணீரை அடக்க முடியவில்லை. முடிந்ததும் முழங்கால் வலியோடு வந்திருந்த ஓர் அம்மா கேட்டார்: "இவ்வளவு தூரமும் ராத்திரியிலயா திரும்பி நடந்தாங்க, ஃபாதர்?"

"ஆமாம்மா, ஆண்டவரைப் பார்த்துட்டாங்கல்ல!"

ஒரே நாளில் இவ்வளவு தூரம் போய் வர முடியுமா என்பதுதான் இந்த இடத்தை ஏற்காதவர்கள் கேட்பது. எனக்கோ அதனாலேயே இது எம்மாவு. மனம் உடைந்து இறங்கி வந்தவர்கள், அந்நேரமே எழுந்து மலை ஏறியிருக்கிறார்கள். உயிர்த்தவரைக் கண்டவர்களுக்கு 30 கிலோமீட்டர் பெரிதா?

புனித பூமிக்குப் போகிறவர்கள் இதைத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். விமான நிலையத்தில் இருந்து எருசலேம் போகும் வழியில்தான் இருக்கிறது.