காந்தி நகர்க் கடிதங்கள் தி.நகருக்குப் போன கதை

உள்ளூர் வார இதழ் ஒன்றுக்கு வந்த வாசகர் கடிதங்களை ஏரியா வாரியாகப் பிரிக்கும் வேலை. பைத்தான் நிரல்மொழியும், எழுத்து வடிவத்தைச் சொல்லித் தேடும் ரெகெக்ஸும் போதும் என்றுதான் இறங்கினேன்.

சொல்லைப் பிடிக்க எல்லாரும் சொல்லித்தரும் பேக்ஸ்லாஷ் டபிள்யூவைப் (\w, 'ஏதாவது ஓர் எழுத்து அல்லது எண்' என்று பொருள்) போட்டால், 'சென்னை' என்பது ச, ன, ன என்று மூன்று துண்டாக வந்தது. "ஃபான்ட் பிரச்சினை, டைப் அடிச்ச இடத்துலயே போய்க் கேளு" என்றார் டீம் லீட். தரமணியில் பறக்கும் ரயில் ஏறி, வேகாத வெயிலில் திருவல்லிக்கேணி டிடிபி கடைக்குப் போனேன். கடைக்காரர் நோட்பேடில் கோப்பைத் திறந்து காட்டினார். "சுத்தமான யூனிகோட், தம்பி. உங்க பக்கம்தான் ஏதோ கோளாறு."

அவர் சொன்னதுதான் சரி. பைத்தானோடு வரும் ஆர்ஈ (re) என்னும் ரெகெக்ஸ் நூலகம் கால், கொம்பு, புள்ளி எதையும் எழுத்தாகவே மதிப்பதில்லை.

லீட் அடுத்துக் கொடுத்த [அ-ஹ], அதாவது 'அ முதல் ஹ வரை', போட்டாலும் அதே மூன்று துண்டுதான். எழுத்துகளுக்கு வரிசை எண் கொடுக்கும் யூனிகோட் தரத்தில் கால், கொம்பு போன்ற துணைக்குறிகள் ஹ-வுக்கு அப்புறம்தான் வருகின்றன. ஃ என்பதோ அ-வுக்கும் முன்னால். [ஃ-ௐ]+ என்று போடுங்கள், முழுச் சொல்லாக வரும்.

ஊர்ப் பெயரில் கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டுத் தேடுங்கள். 'மயிலாப்பூர்' என்று தேடினால் 'மயிலாப்பூரில்' சிக்காது. 'மயிலாப்பூர' என்றால் இரண்டும் சிக்கும்.

பெரிய தலைவலி தி.நகர். ரெகெக்ஸில் முற்றுப்புள்ளி (.) என்றால் எந்தக் குறியாகவும் இருக்கலாம், இடைவெளி உட்பட. அடையாறு காந்தி நகர்க் கடிதங்கள் மொத்தமும் தி.நகர்க் கணக்கில் ஏறிவிட்டன. 'காந்தி நகர்' என்பதற்குள்ளேயே 'தி நகர்' இருக்கிறதே! சொல் எல்லைக்கான பேக்ஸ்லாஷ் பி-யும் (\b) உதவவில்லை. 'ந்'-இன் புள்ளி அதற்கு எழுத்தில்லை, ஆகவே 'காந்தி'யின் நடுவிலேயே ஒரு எல்லையைக் கண்டுபிடித்துவிடுகிறது. கடைசியில் வேலை செய்தது இதுதான்:

(?<![ஃ-ௐ])தி[. ]*நகர

'தி'-க்கு முன்னால் தமிழ்க்குறி எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது என்பதுதான் அந்த முன்பாதி. 'தியாகராய நகர்' என்று முழுசாக எழுதும் பெரியவர்களுக்குத் தனி வரி வேண்டும்.

இன்னொன்று. 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி கால் தனியாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. கடிதங்கள், தேடும் சொல் இரண்டையும் முதலில் என்எஃப்சி (NFC) என்னும் ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகுதான் கொளத்தூர்க்காரர்களின் தண்ணீர் லாரிப் புகார்களில் விடுபட்டவை வந்து சேர்ந்தன.