மால்குடிக்குப் போன மழைநாள்

கர்நாடகத்தின் ஆகும்பேயில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் குடையை விரித்தேன். விரித்ததோடு சரி. மழை மேலிருந்து பெய்யாமல் பக்கவாட்டில் அடித்தது. ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் ஊருக்கு ஜூலையில் கிளம்பியது என் தப்புதான்.

அருவி, ராஜநாகம், சூரிய அஸ்தமனம் என்று ஆளுக்கொரு காரணத்தோடு இங்கே வருகிறார்கள். நான் வந்தது, மால்குடி என்ற கற்பனை ஊரை இங்கே படம்பிடித்த ‘மால்குடி டேஸ்’ டிவி தொடருக்காக. 1986இல் எங்கள் தெருவில் இரண்டே வீட்டில்தான் டிவி. இந்தி ஒரு வார்த்தை தெரியாது. ‘தான தானனா’ கேட்டதும் சோற்றுக் கையோடு ஓடுவோம். சிறுவன் சுவாமியாக நடித்த மாஸ்டர் மஞ்சுநாத்தை மட்டும் அடையாளம் தெரியும். ‘இந்த எழுத்தெல்லாம் எப்போதான் முடியுமோ’ என்று பெயர்கள் ஓடும்போது சலித்துக்கொள்வோம்.

அந்தப் பெயர்களை ஒழுங்காகப் படித்தது இருபது வருடம் கழித்து. எழுதிய ஆர்.கே. நாராயண் சென்னையில் பிறந்தவர். டைட்டிலில் வரும் கோட்டோவியங்கள் அவர் தம்பி ஆர்.கே. லக்ஷ்மண் போட்டவை. அந்தத் ‘தானனா’ எல். வைத்தியநாதனுடையது, வயலின் எல். சுப்ரமணியத்தின் அண்ணன். வசனமே இல்லாத ‘பேசும் படம்’ 1987இல் வந்ததே, அதற்கும் இசை இவர்தான். இந்தி தெரியாத வாண்டுகளை உட்கார வைத்தது யாருடைய வேலை என்று அப்போதுதான் புரிந்தது.

சுவாமியின் வீடாக வந்த தொட்டமனெ, கடைத்தெருவிலேயே இருக்கிறது. பெயருக்கு ஏற்ற பெரிய வீடு. முற்றத்தைச் சுற்றி மரத்தூண்கள், கைபட்டுக் கைபட்டுக் கறுத்து வழவழவென்று இருந்தன. ஓட்டிலிருந்து நாலு பக்கமும் தண்ணீர் கயிறு கயிறாக இறங்கியது. வீட்டு அம்மா ஒரு வார்த்தையும் கேட்காமல் துண்டை நீட்டினார், அப்புறம் சூடாகக் கஷாயம். சுவாமியின் அப்பாவாக நடித்த கிரிஷ் கர்னாட் எந்தத் தூணோரம் நின்றிருப்பார் என்று யோசித்தபடி குடித்தேன். வாடகை என்று எதையும் சொல்வதில்லை, கொடுப்பதை வாங்கிக்கொள்கிறார்கள். எனக்குத்தான் எவ்வளவு கொடுப்பது என்று பெரிய குழப்பம்.

தொடரை இயக்கிய சங்கர் நாகுக்கு அப்போது 31 வயது. இந்தியிலும் ஆங்கிலத்திலும் எடுத்திருக்கிறார். ஊர்க்காரர்களையும் நடிக்க வைத்திருக்கிறார். 1990இல் கார் விபத்தில் போய்விட்டார். ஆனால் ஷிமோகாவில் நான் ஏறிய ஆட்டோவின் முதுகில் சிரித்துக்கொண்டிருந்தார். ‘ஆட்டோ ராஜா’ என்ற கன்னடப் படத்தின் நாயகனை ஆட்டோக்காரர்கள் இன்னும் இறக்கிவிடவில்லை. கேமராவுக்கு முன்னால் நின்றதற்குக் கிடைத்த மரியாதை அது.

மறுநாள் காலை வயலோரம் கொஞ்சம் நடந்துவிட்டு அரசாளுக்குக் கிளம்பினேன். மால்குடி என்றதும் முதலில் மனதில் தோன்றியது ஒரு சின்ன ரயில் நிலையம்தான் என்று நாராயண் எழுதியிருக்கிறார். தொடரில் அந்த நிலையமாக வந்தது அரசாளு. பழைய கட்டடம் இப்போது மால்குடி அருங்காட்சியகம். பாழாகிக் கிடந்ததைச் சீராக்கித் தந்தவர் தொடரின் கலை இயக்குநர் ஜான் தேவராஜ். முப்பது வருடத்துக்கு மேல் கழித்து, போட்ட செட்டுக்கே திரும்பி வந்து வேலை பார்க்க எத்தனை கலை இயக்குநர்களுக்கு வாய்க்கும்?

பக்கத்தில் பழைய மீட்டர்கேஜ் பெட்டி ஒன்றை டீக்கடையாக்கியிருக்கிறார்கள். உட்கார்ந்து ஷூவைக் கழற்றினால் சாக்ஸெல்லாம் ரத்தம். ஆகும்பே அட்டை, கடித்ததுகூடத் தெரியவில்லை. டீ கொண்டுவந்தவர் பதறாமல் கொஞ்சம் உப்புக் கொடுத்தார். நன்றிக்கடனாக அந்தத் ‘தானனா’வை முணுமுணுத்துக் காட்டி, “இதைப் போட்டவர் எங்கள் சென்னைக்காரர், தெரியுமா?” என்றேன்.

“தெரியுமே, சங்கர் நாக்!” என்றார்.

விளக்கலாம் என்று வாயெடுப்பதற்குள் தாளகுப்பா ரயில் கூவியது. அரசாளில் அது அதிக நேரம் நிற்காது. ஒரு கையில் ஷூவோடு ஓடினேன்.