“அது இனவெறிதான் என்று உறுதியாகத் தெரியுமா?”

அலுவலகக் கூட்டங்களில் தன் கருத்து மட்டும் தொடர்ந்து ஒதுக்கப்படுவதை அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெண் உளநல ஆலோசகரிடம் சொல்லும்போது, மேலே தலைப்பில் உள்ள கேள்வி பதிலாக வருவதுண்டு. கேட்பவர் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார். அவர் பயின்ற முறை அப்படி. ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சை, எண்ணங்களைச் சான்றுகளோடு ஒப்பிட்டுச் சோதிக்கச் சொல்கிறது. பிறர் மனத்தில் இருப்பதை நாமே ஊகித்துக்கொள்வதை அது சிந்தனைப் பிழைகளுள் ஒன்றாகக் கருதுகிறது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் நன்கு பயன்படும் இம்முறையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், பாகுபாட்டைக் கண்டுகொள்ளச் சிறுவயது முதலே பழகியவரிடம் இக்கேள்வியை வைக்கும்போது, அவரை நம்ப மறுத்தவர்களின் வரிசையில் ஆலோசகரும் போய் நின்றுவிடுகிறார்.

வருபவரின் இனத்தையும் வாழ்வனுபவத்தையும் கணக்கில் கொள்ளும் ‘பண்பாட்டை உணர்ந்த சிகிச்சை’யில் என்னை மிகவும் கவர்ந்தது, அது இந்தச் சோதனையைக் கைவிடாமல் வேறிடத்துக்கு நகர்த்துவதுதான். நடந்த நிகழ்வை விசாரிக்காமல், அதிலிருந்து அவர் தன்னைப் பற்றி எடுத்த முடிவை, அதாவது ‘எனக்குத் தகுதியில்லை’, ‘இன்னும் இரண்டு மடங்கு உழைத்திருக்க வேண்டும்’ என்பவற்றை, ஆலோசகர் அவரோடு சேர்ந்து ஆராய்கிறார். ‘துணிந்து பேசுங்கள்’ என்ற வழக்கமான அறிவுரையும் இங்கே மறுபரிசீலனைக்கு வருகிறது. வெள்ளையின ஆணுக்குத் தன்னம்பிக்கை என்று பாராட்டுப் பெற்றுத் தரும் அதே குரல், கறுப்பினப் பெண்ணுக்குக் கோபக்காரி என்ற பெயரையே வாங்கித் தரக்கூடும் என்பதால், எதை, யாரிடம், என்ன விலை கொடுத்துப் பேசுவது என்று இருவரும் கணக்கிட வேண்டியிருக்கிறது.

ஆலோசகர்மீது வரும் அவநம்பிக்கைக்கும் வரலாறு உண்டு. அடிமைகள் தப்பியோட விரும்புவதையே ஒரு மனநோயாக 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர் எழுதினார். 1932 முதல் 1972 வரை அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் சிபிலிஸ் நோய் கண்ட கறுப்பின ஆண்களுக்கு, பென்சிலின் கிடைக்கத் தொடங்கிய பின்னரும், சிகிச்சை தராமல் அரசே நோயின் போக்கைக் கவனித்துக்கொண்டிருந்தது. கறுப்பின உளவியலாளர்கள் தங்களுக்கென ஒரு சங்கத்தை 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கினார்கள். அமெரிக்க உளவியல் சங்கம் இனவெறியில் தனக்கிருந்த பங்குக்காக மன்னிப்புக் கேட்டது 2021இல்தான்.

மனநோய்களை வரையறுக்க அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிடும் நோயறி கையேடும் (DSM) இங்கே போதவில்லை. 2013இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பின்படி, அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு என்று முடிவு செய்ய, மரண ஆபத்தோ கடும் காயமோ பாலியல் வன்முறையோ சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். செஸ்டர் பியர்ஸ் என்ற மனநல மருத்துவர் 1970இலேயே சுட்டிக்காட்டிய அன்றாடச் சிறு அவமதிப்புகள், ஆண்டுக்கணக்கில் சேர்ந்து உறக்கத்தைக் கெடுத்தாலும், அந்த வரையறைக்குள் எளிதில் அடங்குவதில்லை.

ஒரே இனத்து ஆலோசகர் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. அமெரிக்காவில் குடியேறிய நம்மவர் ஒருவரிடம், ‘இதையெல்லாம் பெரிதுபடுத்தாமல் வேலையைப் பாருங்கள்’ என்று நம்மவரே சொல்லக்கூடும் (சொல்வார்கள்!). ஆலோசகர் யாராக இருந்தாலும், இனம் பற்றிய பேச்சை முதல் சில அமர்வுகளுக்குள் தாமே தொடங்கிவைப்பது நல்லது. வருபவர்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தால், இவரிடம் அதைச் சொல்லலாமா கூடாதா என்று எடைபோடும் வேலையும் ஏற்கெனவே களைத்திருப்பவரின் தலையில்தான் விழும்.