தம்பிக்குப் பாதுகாவலர் சான்று பெற்ற அனுபவம்

அறிவுசார் குறைபாடுள்ள ஒருவருக்கு 18 வயது நிறைந்துவிட்டால், பெற்ற தாயே ஆனாலும் சட்டத்தின் பார்வையில் அவர் தாமாகவே பாதுகாவலராக நீடிக்க முடியாது. அப்பா காலமான பிறகு, தம்பியின் பெயரில் அவர் போட்டு வைத்திருந்த வைப்புத்தொகையைப் புதுப்பிக்கச் சென்றபோதுதான் இது எங்களுக்கு உறைத்தது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி பாதுகாவலர் சான்று கேட்டார்கள். மாவட்ட ஆட்சியரின் தலைமையில் இயங்கும் உள்ளூர் அளவிலான குழுதான் அதை வழங்குகிறது. குழுவில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றின் பிரதிநிதியும் மாற்றுத்திறனாளி ஒருவரும் இடம்பெற வேண்டும்.

அம்மா விண்ணப்பதாரர், நான் பாதுகாவலர் என்று முடிவு செய்தோம். மருத்துவச் சான்று, ஆதார், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, வயதுச் சான்று ஆகியவற்றைத் திரட்டுவதில் பெரிய சிரமம் இருக்கவில்லை. ஆனால் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோது, தம்பியைச் சிறுவயது முதல் அறிந்த சிறப்பாசிரியர் தடுத்தார். “அவனை யார் பார்த்துக்கொள்வது என்று மட்டும்தான் எல்லோரும் எழுதுகிறீர்கள், அவன் எப்படி வாழ விரும்புகிறான் என்பதை முதலில் எழுதிக்கொண்டு வாருங்கள்” என்றார். இந்த நடைமுறை முழுவதிலும் எனக்கு மிகவும் பயன்பட்டது அந்தச் சொல்தான்.

தம்பிக்குப் பேச்சு குறைவு என்பதால், அவன் அன்றாடம் புழங்கும் இடங்களையும் மனிதர்களையும் படமெடுத்து அட்டைகளாக்கினோம். எங்கள் வீடு, நான் வசிக்கும் கோவை அடுக்ககம், உறவினர்கள் பரிந்துரைத்த உண்டு உறைவிட இல்லம், அவன் விடியற்காலையில் கேன்களை அடுக்கி வைக்கும் பால் சொசைட்டி என்று எல்லாவற்றையும் தரையில் பரப்பினோம். உண்டு உறைவிட இல்லத்தின் படத்தை அவன் கவிழ்த்து வைத்தான். அடுக்ககத்தின் படத்தை என் மடியில் போட்டான். வீட்டையும் சொசைட்டியையும் ஒன்றாக அடுக்கி, “இங்கதான், அக்கா” என்றான். ஒரே நாளில் சொன்னதை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று வெவ்வேறு நாட்களில் திரும்பக் கேட்டோம், விடை மாறவில்லை.

அதன்பின் ஒரே தாளில் மூன்று பகுதிகளாக எழுதினோம். உடை, உணவு, வேலை, பத்து இருபது ரூபாய்ச் செலவு ஆகியவை அவனே முடிவு செய்பவை. வலிப்பு மாத்திரையை மாற்றுவது, வெளியூர்ப் பயணம் போன்றவை படம் காட்டி விளக்கிய பின் அவனோடு சேர்ந்து முடிவு செய்பவை. ஐந்நூறு ரூபாய்த் தாளின் மதிப்பு அவனுக்குப் பிடிபடாததால், வங்கிக் கணக்கும் சொத்தும் மட்டும் என் கையொப்பத்திற்கு உரியவை. பாதுகாவலர் தேவைதானா, எந்தக் காரியங்களுக்குத் தேவை என்பதைக் குழு ஆராய வேண்டும் என்று தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் 14ஆம் பிரிவே சொல்கிறது. வரையறுக்கப்பட்ட பாதுகாவலர், அதாவது குறிப்பிட்ட காரியங்களுக்கு மட்டும் நியமிக்கப்படுபவர், அந்த நபரின் விருப்பத்திற்கு இணங்கவே செயல்பட வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் காட்டும் நெறி. ஆகவே அந்தத் தாளையும் விண்ணப்பத்தோடு இணைத்தோம்.

விசாரணையன்று கேள்விகள் முதலில் என்னிடமே வந்தன. தம்பியையும் கேட்கும்படி வேண்டிக்கொண்டேன். குழுவிலிருந்த மாற்றுத்திறனாளி உறுப்பினர் நாற்காலியை அவன் பக்கம் திருப்பி, அட்டைகளை வாங்கி ஒவ்வொன்றாகக் காட்டிப் பொறுமையாகக் கேட்டார். அவன் சொசைட்டிப் படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தான். இந்தச் சில நிமிடங்களை எந்தக் குடும்பமும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சான்று கிடைத்த பிறகும் கடமை தொடர்கிறது. நியமனமான ஆறு மாதங்களுக்குள் சொத்துப் பட்டியலையும், நிதியாண்டு முடிந்து மூன்று மாதங்களுக்குள், அதாவது ஜூன் இறுதிக்குள், வரவு செலவுக் கணக்கையும் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். அலட்சியமோ முறைகேடோ தெரிந்தால் பாதுகாவலரை நீக்கவும் சட்டத்தில் இடமுண்டு. கணக்கு எழுதும் அதே வாரத்தில் அந்தத் தாளையும் அவனோடு உட்கார்ந்து திருத்துகிறோம். சென்ற முறை, பக்கத்து ஊர்ச் சந்தைக்குத் தனியாகப் பேருந்தில் போவதை இரண்டாம் பகுதியிலிருந்து முதல் பகுதிக்கு மாற்றினோம். திருத்திய படி சொசைட்டிச் செயலாளரிடமும், எனக்குப் பின் பொறுப்பேற்கச் சம்மதித்திருக்கும் சித்தப்பா மகளிடமும் இருக்கிறது.