அ.சா.9 வரவில்லை

மார்ச் 3
குற்ற வழக்கு. அ.சா.2 (அரசுத் தரப்பின் இரண்டாம் சாட்சி) குறுக்கு விசாரணை முடிந்தது. "தெருவிளக்கு வெளிச்சத்தில் எதிரியைப் பார்த்தேன்" என்று அரசு வக்கீல் கேட்ட முதல் விசாரணையில் சொல்லியிருந்தார். எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர், என் கட்சிக்காரர். பழைய குற்ற நடைமுறைச் சட்டம் 161-ன் கீழ் போலீஸ் எழுதிய வாக்குமூலத்தில் விளக்கு என்ற சொல்லே கிடையாது. அதைக் காட்டிக் கேட்டதும், "போலீசில் சொன்னேன்" என்றார். அத்தோடு உட்கார்ந்தாயிற்று. "பிறகு எப்படிப் பார்த்தீர்கள்?" என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்டிருந்தால் "நிலா வெளிச்சம்" என்பார். அதுவும் பதிவாகிவிடும்.

மார்ச் 4
விசாரணை அதிகாரியான அ.சா.9 வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிவிட்டார். அடுத்த வாய்தா 18.

மார்ச் 7
காசோலை வழக்கு. கட்சிக்காரர் கையில் காசோலை திரும்பியதற்கான வங்கி மெமோ இருக்கிறது, தேதி மனதில் இல்லை. திரும்பிய தகவல் மார்ச் 3-ல் கிடைத்தது என்றால், ஏப்ரல் 2-க்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். அதில் காசோலைத் தொகையை ரூபாய் பிசகாமல் கேட்க வேண்டும். வட்டி, செலவு என்று சேர்த்து ஒரே தொகையாகக் கேட்டால் நோட்டீசே அடிபடும். காசோலை கொடுத்தவர் நோட்டீசை ஏப்ரல் 5-ல் வாங்கினால், பணம் கட்ட அவருக்குள்ள 15 நாள் ஏப்ரல் 20-ல் முடியும். அதற்கு முன்பே புகார் போட்டால் அது நிற்காது. முடிந்தபின் ஒரு மாதம்தான். சரியான முகவரிக்குப் பதிவுத் தபால் போய், கவர் "வாங்க மறுத்தார்" என்று திரும்பினால் அவரிடம் சேர்ந்ததாகவே கொள்ளலாம். கவரைப் பிரிக்கக் கூடாது. அப்படியே கோர்ட்டில் சான்றாவணமாகக் குறியீடு செய்ய வேண்டும். இதை இரண்டு முறை சொன்னபிறகும் கட்சிக்காரர் தலையாட்டிய விதம் கவலையாக இருக்கிறது.

மார்ச் 11
பாகப்பிரிவினை. 1985-ல் கல்யாணமான மகள். 25.3.1989-க்கு முன் மணமானவருக்குப் பங்கில்லை என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் தமிழ்நாட்டுத் திருத்தத்தைச் சொல்லி யாரோ அந்த அம்மாவை இத்தனை வருடம் உட்கார வைத்திருக்கிறார்கள். 2005 மத்தியத் திருத்தத்தில் அந்தத் தடை இல்லை. அது அமலுக்கு வந்த 9.9.2005 அன்று அப்பா உயிரோடு இருந்தாரா என்ற கேள்வியையும் 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் வினீதா சர்மா தீர்ப்பு முடித்துவிட்டது. பார்க்க வேண்டியது வில்லங்கச் சான்று: 20.12.2004-க்கு முன் பதிவான பாகப் பத்திரம் ஏதாவது இருக்கிறதா? பிராதில் (வழக்கு மனுவில்) கூட்டு அனுபவம் என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். "என்னை அனுபவத்திலிருந்து விலக்கிவிட்டார்கள்" என்று ஒரு வரி விழுந்தால் நீதிமன்றக் கட்டணச் சட்டம் 37(2)-ன் நிலையான கட்டணம் போய், 37(1)-ல் பங்கின் சந்தை மதிப்புக்குக் கட்ட வேண்டிவரும். அவரிடம் அந்தப் பணம் இல்லை.

மார்ச் 18
வரவில்லை. பந்தோபஸ்து டூட்டியாம். அடுத்த வாய்தா ஏப்ரல் 2.

மார்ச் 20
அ.சா.9 வரைந்த சம்பவ இடத்தின் மாதிரி வரைபடத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கிணறு இருக்கிறது, வேப்பமரம் இருக்கிறது, வடக்கே வண்டிப்பாதை இருக்கிறது. மின்கம்பம் இல்லை. சம்பவ இடத்தைப் பார்த்து எழுதிய பார்வை மகஜரிலும் இல்லை. ஆனால் இதெல்லாம் அ.சா.9 வாயால் வந்தால்தான் உண்டு. சாட்சி மறுத்த முரண்பாட்டை விசாரணை அதிகாரியிடம் கேட்காமல் விட்டால், வாதுரையில் எவ்வளவு தொண்டை கிழியப் பேசினாலும் "முரண்பாடு நிரூபிக்கப்படவில்லை" என்று தீர்ப்பில் ஒரே வரியில் போய்விடும். எல்லா விடுபடலும் முரண்பாடு ஆகாது. சாட்சியத்தின் உயிர்நிலையைத் தொட வேண்டும். இரவில் நடந்த சம்பவத்தில் வெளிச்சத்தைவிட உயிர்நிலை எது?

மார்ச் 26
வேறொரு வழக்கில் இடைக்காலத் தடையாணை கிடைத்தது. எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு இல்லாமல் வாங்கியதால், மனு, பிரமாணப் பத்திரம், பிராது, ஆவணங்கள் எல்லாவற்றின் நகலும் உடனே பதிவுத் தபாலில் போக வேண்டும். அனுப்பியதற்குப் பிரமாணப் பத்திரம் இன்று அல்லது நாளை. குமாஸ்தா தபால் ரசீதோடு வரும்வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. இதை மறந்து எத்தனை நல்ல உத்தரவுகள் ரத்தாகியிருக்கின்றன.

ஏப்ரல் 2
வரவில்லை. பிடியாணைக்கு உத்தரவு. அடுத்த வாய்தா 15.

காசோலை நோட்டீஸ் இன்றுதான் தபாலில் சேர்ந்தது. கடைசி நாள்.

ஏப்ரல் 8
"ஃபீஸ் வேண்டாம், ஜெயித்தால் நிலத்தில் பங்கு" என்று ஒருவர். பார் கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது, தடுப்பது சரிதான். தாவா சொத்தில் பங்கிருக்கும் வக்கீல், கட்சிக்காரரிடம் "ராஜியாகப் போங்கள்" என்று எப்படிச் சொல்வார்?

ஏப்ரல் 14
விடுமுறை. கேள்விகளை எழுதியாயிற்று, சாட்சியம் பதிவாகும் நடையிலேயே:

"அ.சா.2 என் விசாரணையில் தெருவிளக்கு வெளிச்சத்தில் எதிரியைப் பார்த்ததாகச் சொல்லவில்லை என்றால் சரிதான்."

"வரைபடத்தில் மின்கம்பம் எதையும் நான் காட்டவில்லை என்றால் சரிதான்."

இரண்டும் போதும். மூன்றாவதை அடித்துவிட்டேன்.

ஏப்ரல் 15
அ.சா.9 வந்திருக்கிறார். முதல் விசாரணை மதியம் ஒன்றரை வரை போனது. குறுக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு.