பக்கத்து வீட்டு சாண்ட்மேன்

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, மெல்பர்னில் எங்கள் பக்கத்து வீட்டு கராஜின் கதவு திறந்ததும் உள்ளே நின்ற ஆரஞ்சு நிற வேனை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, பின்னால் மெத்தை போட்டிருக்கிறார்களே, அந்த வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கவலையோடு கேட்டார். பக்கவாட்டில் பேரலை ஒன்றும் அதன்மேல் அந்திச் சூரியனும் தீட்டப்பட்டு, வட்டச் சன்னல் வைத்து, உட்புறம் முழுவதும் ஊதா நிற வெல்வெட் ஒட்டப்பட்டிருந்த அந்த வண்டி எதற்குப் பேர்போனது என்பதைப் பெற்ற தாயிடம் எந்த மகனாலும் விளக்க முடியாது. நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் இளைப்பாறுவதற்கு என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

அது ஆஸ்திரேலியக் கார் நிறுவனமான ஹோல்டன் 1974-இல் கொண்டுவந்த சாண்ட்மேன். குழாய்ப் பணியாளரும் தச்சரும் தட்டுமுட்டுக் கருவிகளை ஏற்றிச் செல்வதற்கென்று, பின்பக்கச் சன்னல்களுக்குப் பதிலாகத் தகடு அடைத்துச் செய்த பேனல் வேனில், அலைச்சறுக்குப் பலகையும் ஒரு மெத்தையும் தாராளமாக அடங்கும் என்பதை இந்நாட்டு இளைஞர்கள் நிறுவனத்துக்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். நிறுவனம் அதற்குப் பந்தய வண்டியின் கோடுகளையும், விரும்பினால் ஐந்து லிட்டர் வி8 எஞ்சினையும் சேர்த்து, பின்கதவில் பெயரைக் கொட்டை எழுத்தில் பொறித்து விற்றது. ஃபோர்டு சன்டவுனரையும் கிறைஸ்லர் டிரிஃப்டரையும் போட்டிக்கு இறக்கின. ஓவியம், வெல்வெட், ஒலிபெருக்கி எல்லாம் வாங்கியவரின் சொந்தச் செலவு. டார்க்கி ஊரின் பெல்ஸ் கடற்கரைக்கு இந்த வண்டியில் போய் இரவு தங்கிய கதைகளைப் பக்கத்து வீட்டுக்காரர் தம் மனைவி காதில் விழாத அளவுக்குக் குரலைத் தாழ்த்திச் சொல்வார். பெண்ணைப் பெற்றவர்கள் தெருவில் இவ்வண்டி வந்து நின்றாலே வாசலுக்கு வந்துவிடுவார்களாம். எழுபதுகளோடு சாண்ட்மேன் நின்றுபோனது; ஹோல்டனின் கடைசிப் பேனல் வேன் 1984-இலும், ஃபோர்டினுடையது 1999-இலும் முடிந்தன. இன்று நல்ல நிலையிலுள்ள ஒரு சாண்ட்மேனுக்குப் புதுக் காரைவிட அதிக விலை கேட்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரரின் ஏக்கம் வண்டியோடு நின்றுவிடுவதில்லை. 1956-இல் மெல்பர்னின் புறநகரான டாண்டினாங்கில் ஹோல்டன் தொழிற்சாலை திறக்கப்பட்டபோது தொழிலாளர்களுக்காகவே, ஹோல்டனின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் பெயரில் ஒரு ரயில் நிலையமும் இருந்தது; அது 2002-இல் மூடப்பட்டது. 2017 அக்டோபர் 20 அன்று அடிலெய்டின் புறநகரான எலிசபெத்தில் இருந்த ஆலையிலிருந்து இந்நாட்டில் தயாரான கடைசி ஹோல்டன் வெளிவந்த நாளை அவர் ஒரு துக்க நாளைப் போலவே குறிப்பிடுகிறார். அதே டாண்டினாங்கின் ஃபாஸ்டர் தெருவுக்குத்தான் நான் முருங்கைக்காயும் பூக்களும் வாங்கப் போகிறேன்.

எனக்கு இந்த நாடு பழகிவிட்டது. எந்த வாரம் எந்த நிறக் குப்பைத்தொட்டியை வெளியே வைக்க வேண்டும் என்பதை யாரிடமும் கேட்பதில்லை. ஒரே நாளில் வெயிலும் மழையும் குளிரும் வந்தாலும் வியப்பதில்லை. ஒரேயொரு குறைதான் ஆறவில்லை. நெடுஞ்சாலையில் வெள்ளையும் கறுப்பும் சாம்பலுமாக ஆயிரக்கணக்கான வண்டிகள் போகின்றன. எதன் முதுகிலும் உரிமையாளரின் பிள்ளைகள் பெயர் இல்லை, நெற்றியில் சாமி இல்லை, யாருடைய துணையோடு போகிறது என்ற தகவலே இல்லை. என்னுடைய எட்டு இருக்கை வண்டியும் அப்படித்தான், வெள்ளை வெளேரென்று, எந்த முகவரியும் இல்லாமல் நிற்கிறது. பின்கண்ணாடியில் 'சாஸ்தா துணை' என்று எழுதலாமே என்றேன். மறுவிற்பனையில் விலை குறையும் என்றாள் மனைவி. பள்ளி வாசலில் தன்னை இறக்கிவிட வேண்டாம் என்றான் மகன். பக்கத்து வீட்டுக்காரர் மட்டுமே உற்சாகமாக, தமக்கு அலை வரைந்துகொடுத்த ஓவியர் இன்னும் தொழிலில் இருப்பதாகவும், சாஸ்தாவின் புகைப்படம் ஒன்று கொடுத்தால் போதும் என்றும் சொன்னார்.

எண்பதுகளில் திருநெல்வேலிப் பக்கத்தில் பங்குனி உத்திரம் வந்தால் சாஸ்தா கோயிலுக்கு மெட்டடோர் வேன் பேசிவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரருடைய வேன் குடும்பத்தை விட்டு ஓடுவதற்கு. எங்கள் வேனில் குடும்பத்தை விட்டு ஓர் அங்குலம்கூட நகர முடியாது. முன்கண்ணாடிக்கு மேலே குஞ்சம் தொங்கும். பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முருகன் படத்தைச் சுற்றிச் சின்ன பல்புகள் எரியும். இருக்கை வரிசைகளுக்கு இடையே பலகை போட்டு அதில் சிறுவர்களை அடுக்குவார்கள். பொங்கல் பானைகளும் விறகுக்கட்டும் காலடியில் கிடக்கும். ஓட்டுநருக்குப் பக்கத்தில் எஞ்சினை மூடியிருக்கும் பேனட்டின் மேல் உட்காரப் பெரும் சண்டை நடக்கும். தாழையூத்து தாண்டுவதற்குள் சூடு தாங்காமல் வென்றவனே எழுந்து தோற்றவனுக்கு இடம் கொடுப்பான். குமட்டலுக்கு ஆச்சியின் முந்தானையில் எலுமிச்சம்பழம் இருக்கும்.

பெரிய தகராறு டேப் ரிக்கார்டரால்தான் வரும். பெரியப்பாவுக்குப் பக்திப் பாடல், அண்ணன்மாருக்குச் சினிமாப் பாட்டு. போகும்போது சாமி, வரும்போது சினிமா என்று ஓட்டுநரே தீர்ப்புச் சொல்லியிருந்தாலும், திரும்பும் வழியிலும் பெரியப்பா விழித்திருக்கும்வரை முருகன்தான் பாடிக்கொண்டிருப்பார். பின்னாலிருந்து குறட்டை எழுந்து, அது பொய்க் குறட்டை இல்லை என்று கண்ணாடியில் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே ஓட்டுநர் கேசட்டை மாற்றுவார்.